பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவன்

"என் தம்பி பொய் சொல்றாம்மா. அது பொய்தான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

வந்ததும் வராததுமாக அந்தப் பெண் இப்படித்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், 'ஆஹா, இன்றைக்கு நல்ல கேஸ்' என்று மனத்துக்குள் விசிலே அடித்துவிட்டார். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. துடைத்துத் துடைத்துக் கண்ணுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. விசில் அடித்த மனத்துக்கு அவரே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் என்பது அவருடைய பழைய வேலை. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே மனைவியின் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. அலுவலகம் என்றால் நகலெடுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அவ்வளவுதான். அவர் மனைவி தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் இலாகாவில் இருந்தவர். அறுந்த கம்பி, உடைந்த போல்ட், நசுங்கிய விரல் என்று இருபத்தைந்து வருஷம் பார்த்ததில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வாங்கியிருந்தார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். பேசுவது கொஞ்சம்தான். மீதியைப் பேசத்தான் கண்டக்டர் இருக்கிறாரே!

"மொதல்லேருந்து சொல்லும்மா," என்றார் பூதக்கண்ணாடி.

அவள் சொன்னாள். அவள் புருஷன் மரம் ஏறுகிறவன். ரோட்டோரத்தில் பட்டுப்போன மரம், கூரைமேல் சாய்ந்த கிளை என்றால் ஒப்பந்தக்காரர் அவனைத்தான் அனுப்புவார். அவளுடைய தம்பி கீழே நின்று அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, 'மாமா மாமா' என்று காலைச் சுற்றி வந்தவன். மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பதடி உயரத்தில் புருஷனின் பெல்ட் அறுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அந்த வேலையில ஒரு வழக்கம் உண்டும்மா. ஏறுறவன் தன்னோட பெல்ட்டைத் தானே செக் பண்ணக் கூடாது. ஏறுறவனுக்கு ஏறுற அவசரம், கண்ணு மறைச்சுடும். அதனால கீழ நிக்கிறவன்தான் தெனமும் காலையில ஒவ்வொரு தையலா, ஒவ்வொரு கொக்கியாப் பார்த்து அட்டையில கையெழுத்துப் போடணும். அவருக்கு என் தம்பிதான் பார்ப்பான். இப்ப போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கான், 'அன்னைக்கு நான் பார்க்கல, பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், என் அலட்சியம்தான்'னு."

"அது பொய்ங்கறியா?"

"அவனா பார்க்க மாட்டான்? வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறவம்மா அவன்! பாதி வழியில திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பான். அவன் பார்த்திருக்கான். தெரிஞ்சேதான் அவரை ஏத்தி விட்டிருக்கான். இல்லேன்னா அவனே பெல்ட்டுல எதையோ பண்ணியிருக்கான். அலட்சியம்னா சின்ன தண்டனையோட போயிடும்னு இப்படி எழுதிக் குடுத்திருக்கான்."

கூடப் பிறந்தவனைப் பற்றி ஒருத்தி இப்படிச் சொல்வதைக் கேட்கவே கண்டக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேள்வியை அவர்தான் கேட்டார்.

"அவனுக்கு உன் வீட்டுக்காரர் மேல என்னம்மா அவ்வளவு கோபம்?"

"அவனுக்கு மரம் ஏறணும் சார். அவரு விடல. அதுக்கு முந்தின வாரம் ரெண்டு பேருக்கும் சண்டை. 'நீங்க மேல இருக்கிற வரைக்கும் நான் கீழயேதான் கெடக்கணுமா'ன்னு கத்தினான். என் ரெண்டு காதால கேட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வர்ற வெள்ளிக்கிழமை, அவன் சொன்னபடியே கேஸ் கோர்ட்டுக்குப் போகுது. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்மா. அவரு எதனால செத்தாருன்னு தெரியாம ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. அவன் மூஞ்சியில முழிக்கவும் முடியல, அவனை வெளிய போடான்னு சொல்லவும் முடியல. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"எதுவா இருந்தாலுமா?" என்றார் பூதக்கண்ணாடி.

"எதுவா இருந்தாலும்."

பூதக்கண்ணாடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். 'கிளம்பலாங்க' என்று அவர் சொல்வதற்குள் கண்டக்டர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் ஏட்டு பழைய பழக்கம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். பெல்ட் என்றால் பேன்ட்டுக்குப் போடுகிற சமாச்சாரம் இல்லை. இடுப்பைச் சுற்றி அகலப் பட்டை, தொடைகளுக்கு இரண்டு வார்கள். இடுப்பின் முன்னால் இடது வலது கொக்கிகளுக்கு நடுவே, ஊஞ்சல் மாதிரி ஒரு முழ நீள நைலான் கயிறு தொங்கும். மரக்காரர்கள் அதைப் 'பாலம்' என்பார்கள். பாலத்தில் ஓர் இரும்பு வளையம் இங்கும் அங்கும் ஓடும். மேலேயிருந்து வரும் பெரிய கயிறு அந்த வளையத்தில்தான் சேரும். ஆக, ஆள் மொத்தமும் தொங்குவது அந்த ஒரு முழக் கயிற்றில். மரத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பக்கவார் ஒன்றும் உண்டு என்றாலும் கிளை மாறும்போது அதை அவிழ்த்தே ஆகவேண்டும். அவன் விழுந்தது கிளை மாறியபோது.

பாலம் சரியாக நடுவில் அறுந்திருந்தது.

"கத்தி!" என்றார் கண்டக்டர். குரலில் அடக்க முடியாத உற்சாகம். "பாதி அறுத்து விட்டிருக்கான். மீதி பாதி மேல போனதும் அறுந்திருக்கு. சரியா?"

"கத்தின்னா வெளித்தோல்தான் மொதல்ல அறுபடும். உள்திரி பாரம் தாங்காம இழுத்துக்கிட்டு, நீளமும் குட்டையுமா நிக்கும். இங்க பாருங்க, உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி முறிஞ்சிருக்கு."

பூதக்கண்ணாடி ஓர் இழையைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். அது மாவாக உதிர்ந்தது. முனையிலிருந்து அரைச் சாண் தள்ளி, கொக்கிப் பக்கமாக ஓர் இழையை எடுத்து இழுத்தார். விரலை அறுத்துவிடும்போல இருந்தது, இழை அறவில்லை. அறுந்த இன்னொரு பாதியிலும் அப்படியேதான். நடுவில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு செத்துப்போயிருந்தது.

அப்புறம் வளையத்தை எடுத்தார். பெல்ட்டின் மற்ற கொக்கிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. இந்த வளையம் மட்டும் முலாம் போய்ச் சாம்பல் பூத்து, உள்விளிம்பில் செந்துரு பிடித்திருந்தது. கடைசியாக, செத்தவன் இடுப்பில் கட்டியிருந்த சாமான் பையைத் திறந்தார். மடக்கு ரம்பம், தண்ணீர் பாட்டில், கையுறை. அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புது வளையம் ஒன்று.

"ஸ்பேரா இருக்கும்," என்றார் கண்டக்டர்.

"இருக்கும்," என்றார் பூதக்கண்ணாடி. ஆனால் அந்தப் புது வளையத்தைத்தான் அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு குளியலறை. நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று கூடத்தில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் ஏறி, பொத்தென்று விழுந்து, சிரித்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டரால் அதைப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "பெல்ட்டை வீட்டுல எங்கம்மா வைப்பீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான் சார், பாத்ரூம்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் தொவைப்பேன். சாதா சோப்பு, பச்சத் தண்ணி. வெயில்ல மட்டும் போடவே கூடாதும்பாரு அவரு. வெயில் நைலானை அரிச்சிடுமாம். அக்கம்பக்கம் எல்லாரும் மாடியில துணி காயப்போட்டா, நான் மட்டும் இதைப் பொத்திப் பொத்தி நெழல்ல காயவெப்பேன். தொடை வாரை ஆணியில மாட்டித் தலைகீழாத் தொங்கவிட்டா தண்ணி வடிஞ்சிடும்."

"ஆணியைக் காணோமே?"

"தம்பி புடுங்கிட்டான். குழந்தைக்குக் குத்திடுமாம். இவரு போனதுலேருந்து அவன் பண்ற வேலையைக் கேளுங்க. பாத்ரூமைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறான். நல்லா இருந்த வாளியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி வெக்கிறான். நல்ல பிள்ளை வேஷம்! நெஞ்சு குறுகுறுக்காம இருந்தா ஒருத்தன் இதெல்லாம் பண்ணுவானா?"

மூலையில் ஆணி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதற்கு நேர்கீழே தரை. பூதக்கண்ணாடி அங்கே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எதிர்ச்சுவரில் தண்ணீர்க் குழாய் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படிந்து கிடந்தது. அதற்கு மேலே இருந்த ஷவர் மட்டும் கடையில் வாங்கி வந்த மாதிரி மின்னியது.

"ஷவர் மட்டும் எப்படிம்மா..." என்று கண்டக்டர் வாயெடுத்தார். மனைவியின் செருப்பு அவர் காலை நன்றாகவே மிதித்தது. வாயை மூடிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும், "எதுக்கு மிதிச்சே?" என்றார் கோபமாக.

பூதக்கண்ணாடி விறுவிறுவென்று நடந்தார். பஸ் நிறுத்தம் வரை போய் நின்ற பிறகு, "இந்தக் கேஸை நாம எடுத்திருக்கக் கூடாதுங்க," என்றார். இத்தனை வருஷத்தில் மனைவி இப்படிச் சொல்லிக் கண்டக்டர் கேட்டதே இல்லை.

ஒப்பந்தக்காரரின் ஷெட் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, சுவர் முழுக்கக் கயிற்றுச் சுருள்கள், மோட்டார் ரம்பங்கள், வரிசையாய் ஹெல்மெட்கள். சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரரிடம் பூதக்கண்ணாடி புது வளையத்தைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? அன்னைக்குக் காலையில ஏழரைக்கு அந்தத் தம்பிதான் வந்து வாங்கிட்டுப் போச்சு. 'மாமாவோட வளையம் மங்கிப் போயிருக்குண்ணே, மாத்தணும்'னுச்சு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"வளையத்தை மாத்தணும்னா பாலத்தையே அவிழ்க்கணும்மா. மறுபடி முடிச்சுப் போட்டு, கீழயே தொங்கிப் பார்த்து, முக்கால் மணி நேரம் போயிடும். அன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும்தான் ரோட்டை அடைச்சுக் குடுத்திருந்தாங்க."

கண்டக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடடா, பார்க்காதவன் வளையம் மங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பான்? பையன் பார்த்திருக்கிறான்! பார்த்தது மட்டுமா, புதிதும் வாங்கியிருக்கிறான். கொல்ல நினைப்பவன் புது வளையம் வாங்குவானா? ஆக, கொலையும் இல்லை, அலட்சியமும் இல்லை. பாவம் அந்தப் பெண், மூன்று வாரமாய்க் கூடப் பிறந்தவனைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு வெந்து சாகிறாளே! ஒரு நல்ல வார்த்தையை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மனைவி உள்ளே போனதும், வெளியே வந்து போனைப் போட்டார்.

"நல்ல சேதிம்மா! உன் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. அவன் பார்த்திருக்கான், புது வளையம்கூட வாங்கியிருக்கான். ஷெட்டுக்கு வா, எல்லாத்தையும் அம்மாவே சொல்லுவாங்க."

உள்ளே வந்தபோது, ஷெட்டின் கோடியில், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது ஆள் ஒருவன் கயிற்றுச் சுருளின் முன்னால் குந்தியிருந்தான். கயிற்றை விரல் விரலாகத் தடவிப் பார்த்துச் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தடவினான். பூதக்கண்ணாடி அவன் எதிரே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்றேன் தம்பி. தப்பா இருந்தா சொல்லு. நீ பார்த்தே."

"பார்க்கல."

"பார்த்தே. வளையம் மங்கியிருக்குன்னு புதுசு வாங்கினே. அதை உன் மாமா பையில வெச்சிருக்காரு. அப்படின்னா அவருக்கும் சொல்லியிருக்கே. இவ்வளவும் உனக்குச் சாதகம். போலீஸ்ல இதைச் சொல்லியிருந்தா உன்மேல கேஸே கெடையாது. ஆனா நீ பார்க்கவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கே. தன்னைக் காப்பாத்துற உண்மையை ஒருத்தன் எதுக்கு மறைப்பான்? அதைத்தான் ரெண்டு நாளா யோசிச்சேன்."

அவன் கை நின்றுவிட்டது.

"பார்த்தேன்னு சொன்னா என்ன பார்த்தேன்னு கேப்பாங்க. வளையம் மங்கியிருந்துச்சுன்னு சொல்லணும். வளையம் ஏன் மங்குச்சுன்னு அடுத்த கேள்வி வரும். இரும்பு மேல இருக்கிற முலாமை ரெண்டு நாள்ல திங்கிறதும், நைலான் கயிறை மாவாக்குறதும் ஒண்ணுதான். ஆசிட். சரி, பெல்ட்டுல வேற எங்கயும் படாம, பாலத்துக்கு நடுவுல ஒரு சாணும் அந்த வளையமும் மட்டும் எப்படி ஆசிட்டுல நனைஞ்சுது? பெல்ட்டைத் தலைகீழா மாட்டினா பாலம்தான் எல்லாத்துக்கும் கீழ தொங்கும். வளையம் ஓடி வந்து நடுவுல நிக்கும். ஆணிக்குக் கீழ ஒரு வாளி இருந்தா, நேரா அதுக்குள்ளதான் எறங்கும்."

"அம்மா, மெதுவாப் பேசுங்க," என்றான் அவன். அந்தக் கோடியில் அவர்களைத் தவிர யாருமே இல்லை.

"உங்க வீட்டுக் குழாயில உப்புக்கறை. ஷவர்ல மட்டும் இல்ல. யாரோ அதைக் கழட்டி ஆசிட் தண்ணியில ஊறப்போட்டிருக்காங்க. அந்த வாளியை நீ தூக்கிப் போட்டே. ஆணியைப் புடுங்கினே."

கண்டக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. போனை வைத்த சட்டைப்பையை அவர் கை தானாகப் பொத்திக்கொண்டது.

"செவ்வாய்க்கிழமை காலையில ஆணியிலேருந்து நான்தான் எடுத்தேன்," என்றான் அவன். "பாலம் வாளிக்குள்ள நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சொட்டுத் தண்ணி தரையில விழாம இருக்க அக்கா வாளி வெச்சிருக்குன்னு நெனைச்சேன். குழாயில கழுவி, துணியால தொடைச்சேன். கையால வளைச்சு வளைச்சுப் பார்த்தேம்மா. ஈரத்துல மெத்துனுதான் இருந்துச்சு, ஒண்ணும் தெரியல. இங்க வந்து ஒரு அடி உயரத்துல மாமாவைத் தொங்கவிட்டும் பார்த்தேன். தாங்குச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாளியை மோந்து பார்த்தப்பதான்..." அவன் பூதக்கண்ணாடியின் காலைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. என்னைக் கொலைகாரன்னே அது நெனைச்சுட்டுப் போகட்டும். அந்தக் கோபத்துலதான் எழுந்து நடமாடுது. இது தெரிஞ்சா அது உயிரோட இருக்காதும்மா. அந்தக் குழந்தைக்கு யாரு இருக்கா?"

"மாமாகூட எதுக்குச் சண்டை போட்டே?"

"மேல ஏற விடலன்னுதான். 'உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்றது'ம்பாரு. எப்பவும் இதேதான் சொல்லுவாரு."

பூதக்கண்ணாடி அவன் கையைத் தன் காலிலிருந்து விலக்கினார். பிறகு கணவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட, உன் தம்பி கொலை பண்ணலன்னு மட்டும் சொல்லி அனுப்பிடலாங்க. மத்ததை..."

"நான் போன் பண்ணிட்டேன்," என்றார் கண்டக்டர். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. "வரச் சொல்லிட்டேன்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அவள் ஓடி வந்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. நேரே தம்பியிடம் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீ பார்த்தியாமே! வளையம் எல்லாம் வாங்கினியாமே! ஏன்டா பாவி பார்க்கலன்னு சொன்னே? உன்னைப் போய் நான் என்னவெல்லாம் நெனைச்சுட்டேன்!"

"பார்க்கலக்கா. சார் தப்பாச் சொல்லிட்டாரு."

"பார்க்காதவன் எதுக்குடா வளையம் வாங்கினே?"

பூதக்கண்ணாடி எழுந்து அவள் தோளைத் தொட்டார். "உன் தம்பி கொலை பண்ணலம்மா. தெரிஞ்சு எந்தத் தப்பும் பண்ணல. அதை நான் எழுதியே குடுக்கிறேன். நீ கேட்டது அதுதானே? இதோட விட்டுடு. வீட்டுக்குப் போ, குழந்தை தேடும்."

"போறேம்மா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிடக்கூடச் செய்தாள். பிறகு ஏதோ நெருடியதுபோல் நின்றாள். "புது வளையம் எதுக்கு? பழசுக்கு என்ன?"

தம்பி குனிந்து கயிற்றைத் தடவ ஆரம்பித்தான்.

"மங்கியிருந்துச்சும்மா," என்றார் பின்னால் வந்து நின்ற ஸ்டோர்காரர். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

"எப்படி மங்கும்? ஞாயித்துக்கிழமை நான் தொவைச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சே. தொவைச்சேன், ஆணியில மாட்டினேன். அன்னைக்கு முழுக்க வீட்டு வேலைதான். ஷவர்ல தண்ணி வரல, அடைச்சுக்கிச்சு. அதைக் கழட்டி ஆசிட்ல போட்டேன். குழந்தை கையை விட்டுடப் போறாளேன்னு வாளியை மூலையில தள்ளி..."

"அக்கா, வாளி தள்ளித்தான் இருந்துச்சு!" என்று தம்பி கத்தினான். "பெல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பார்த்தேன்க்கா!"

"நான் வாளியைப் பத்தித்தானேடா சொன்னேன்," என்றாள் அவள் மெதுவாக. "பெல்ட்டைப் பத்தி எதுவும் சொல்லலியே."

அவன் வாயில் கையை வைத்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல். அவரும் வேலைக்குப் போகல. வாளியை மறந்தே போயிட்டேன். ஷவரை நான் திரும்ப மாட்டவே இல்லையே. யாரு மாட்டினா? நீயா? வாளியை ஏன்டா தூக்கிப் போட்டே? ஆணியை ஏன்டா புடுங்கினே?" ஒவ்வொரு கேள்விக்கும் அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிக் கேள்வி வெறும் காற்றாகத்தான் வந்தது. பிறகு பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "எதுவா இருந்தாலும் சொல்லச் சொன்னேனேம்மா. நானா?"

இருபத்தைந்து வருஷம் யார் யாருக்கோ காரணம் சொல்லி வந்தவர் பூதக்கண்ணாடி. அன்றைக்கு அவரால் தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது.

அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று கண்டக்டர் பயந்தார். அவள் எதுவும் செய்யவில்லை. இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அந்தக் கையால்தான் துவைத்தாள். வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள். கண்டக்டருக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. தான் போன் பண்ணாமல் இருந்திருந்தால், தன் நாக்கு கொஞ்சம் பொறுத்திருந்தால் என்று அவர் மனம் அரற்றியது. ஆனால் பொறுத்திருந்தால் அந்தப் பையன் உள்ளே போயிருப்பான், இவள் அவனைச் சாகும்வரை சபித்துக்கொண்டிருப்பாள். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் யாராவது ஒருவர் அழிந்துபோகிற கணக்காகவே அது இருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் வந்து சொல்லிடறேன்," என்றாள் அவள். "நீ பார்த்தேன்னு மாத்தி எழுதிக் குடு."

"மாட்டேன்க்கா. நான் பார்க்கலன்னுதான் சொல்லுவேன்."

"மாத்திக் குடுடா."

"ஈரமா இருந்ததை நான்தானேக்கா கழுவித் தொடைச்சுக் குடுத்தேன்? மோந்து பார்க்கணும்னு எனக்குத் தோணலியே! நான் ஜெயிலுக்குப் போறேன். நீ குழந்தையைப் பாரு." அவன் தரையில் உட்கார்ந்து அவள் புடவையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான். அவளும் அவன் பக்கத்தில், கயிற்றுச் சுருள்மேல், சரிந்து உட்கார்ந்தாள். அவன் தலையில் கையை வைக்கப் போனவள், கையைப் பார்த்துவிட்டு, வைக்காமலே மடியில் போட்டுக்கொண்டாள்.

"அவரு பார்த்தாரா, அந்த வளையத்தை?"

"வேணாம்க்கா."

"பார்த்தாரா?"

"காட்டினேன்க்கா. பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் புடவையில் முகத்தை வைத்தபடியே சொன்னான்.

"சிரிச்சாருக்கா. 'உங்கக்கா தேய்ச்ச தேய்ப்புல முலாமே போயிடுச்சு பாரு'ன்னாரு. 'சாயங்காலம் மாத்திக்கலாம், அவகிட்ட மட்டும் சொல்லிடாதடா, வருத்தப்படுவா'ன்னாரு. அதைச் சொல்லிட்டுத்தான்க்கா ஏறினாரு."